கட்சிக் கல்லாவுக்குப் பூட்டு: சட்டம் போதாது, அரசியல் சாசனம் வேண்டும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சுமாராக இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் நிர்ணயித்தபடி ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 40 லட்சம் ரூபாய் செலவு செய்யலாம். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 16 ரூபாய். ஒரு டீ குடிக்கலாம், வடை கிடையாது.

அந்தப் பதினாறு ரூபாய்க்குள்தான் பிளக்ஸ், வேன், மைக் செட், தொண்டர்களுக்குப் பிரியாணி, பூத் ஏஜெண்டு செலவு எல்லாம் நடந்து முடிகிறது என்று ஒவ்வொரு வேட்பாளரும் கையெழுத்துப் போட்டுக் கணக்குக் கொடுக்கிறார். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்கி வைக்கும் அதிகாரிக்கும் தெரியும், தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் நமக்கும் தெரியும். 2013 ஜூனில் மகாராஷ்டிராவைச் சேர்ந்த கோபிநாத் முண்டே மும்பையில் ஒரு மேடையில், 2009 மக்களவைத் தேர்தலுக்குத் தான் 8 கோடி செலவு செய்ததாகச் சொல்லிவிட்டார். அப்போது வரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பேச்சு வாக்கில் சொன்னது என்று பதில் வந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்த மனிதர் செய்த ஒரே தப்பு, எல்லோருக்கும் தெரிந்ததை மைக் முன்னால் சொன்னது.

"அட, இதெல்லாம் தெரிஞ்ச கதைதானே, ஓட்டுக்குப் பணம் வாங்குற ஜனத்தைத் திருத்து முதல்ல" என்று நம்ம கிளாஸிலேயே நாலு பேர் சொல்வார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ஓட்டையை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று பார்ப்போம். ஏனென்றால் இது தானாக விழுந்த ஓட்டை இல்லை. அளவெடுத்துப் போட்டது.

1974 அக்டோபர் 3. உச்ச நீதிமன்றத்தில் கன்வர்லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா என்ற வழக்கில் தீர்ப்பு. நீதிபதி பி.என்.பகவதி எழுதியது. விஷயம் எளிமையானது. 1971-இல் டெல்லியில் ஜெயித்த வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்த செலவையும் வேட்பாளரின் செலவாகத்தான் எண்ண வேண்டும். இல்லையென்றால் வரம்பு என்று ஒன்று இருப்பதற்கே அர்த்தமில்லை. பணக்காரக் கட்சியின் வேட்பாளர் ஏழைக் கட்சியின் வேட்பாளரை நசுக்கிவிடுவார். நியாயமான பேச்சு. இதில் எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அதே அக்டோபர் 19-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்துவிட்டது. தீர்ப்புக்கும் அதற்கும் நடுவே பதினாறே நாள். பிறகு அந்த வருடக் கடைசியில் நாடாளுமன்றமும் அதையே சட்டமாக்கியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 77-ஆவது பிரிவில் ஒரு 'விளக்கம்' சேர்த்தார்கள். கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது! விளக்கம் என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், அந்த நகைச்சுவை உணர்ச்சியைப் பாராட்ட வேண்டும்.

கதை இங்கேயும் நிற்கவில்லை. 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் 39-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. அதில் பிரதமர் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே திருத்தம் இன்னொரு வேலையையும் செய்தது. அந்த 1974 திருத்தச் சட்டத்தை, அதாவது கட்சிச் செலவு கணக்கில் வராது என்ற அந்த ஓட்டையை, ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்திடமிருந்து காப்பாற்ற உருவாக்கிய அட்டவணை அது. ஏழை விவசாயிக்குக் கட்டிய குடையில் கட்சிக் கல்லாவும் ஒதுங்கிக்கொண்டது.

1978-இல் 44-ஆவது திருத்தம் அதை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் சட்டத்தில் இருந்த ஓட்டையை ஜனதா அரசு தொடவில்லை. 2003-இல் வாஜ்பாய் அரசு அந்த விளக்கத்தை மாற்றி எழுதியது. அதில் 'நட்சத்திரப் பேச்சாளர்' என்ற ஏற்பாடு வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர். அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாலும் வராது. கட்சி தன் பெயரில் பொதுவாகச் செய்யும் விளம்பரத்துக்கு இன்றுவரை உச்சவரம்பே கிடையாது. வேட்பாளருக்கு 40 லட்சம், கட்சிக்கு வானமே எல்லை. முன்வாசலில் பெரிய பூட்டு தொங்குகிறது, கொல்லைப்புறத்தில் கதவே இல்லை.

சரி, செலவு இப்படி. வரவு?

1957-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. டாடா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காகத் தன் அமைப்பு விதியை மாற்ற விரும்பியது. தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா சட்டப்படி தடுக்க வழியில்லை என்று அனுமதித்தார். அனுமதித்துவிட்டு, இது ஜனநாயகத்தின் கழுத்தையே நெரிக்கக்கூடிய ஆபத்து, நாடாளுமன்றம் கவனிக்கட்டும் என்ற பொருளில் எச்சரித்தார். நாடாளுமன்றம் எப்படிக் கவனித்தது? 1960-இல் ஒரு வரம்பு. 1969-இல் முழுத் தடை. 1985-இல் தடை நீக்கம், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 5 சதவீதம். 2013-இல் அது 7.5 சதவீதம். 2017-இல் வரம்பே கிடையாது, யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்லவும் வேண்டாம். யார் ஆட்சிக்கு எது வசதியோ அதற்கேற்ப பஞ்சாங்கம் மாதிரி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் (பிடித்த என்றால் வயிற்றெரிச்சலோடு) வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு நடந்தது. 2014 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்கியதன் மூலம் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறிவிட்டன என்று தீர்ப்பளித்தது. அந்த நிறுவனங்களில் ஒன்று ஸ்டெர்லைட். ஆம், நம்ம தூத்துக்குடி ஸ்டெர்லைட்தான். நாடாளுமன்றத்தில் கீரியும் பாம்புமாக இருக்கும் இரண்டு கட்சிகளும் ஒரே கூண்டில்.

என்ன நடந்தது தெரியுமா? 2016 நிதிச் சட்டத்தில், 'வெளிநாட்டு நிறுவனம்' என்பதற்கான வரையறையையே மாற்றினார்கள், 2010-இலிருந்து செல்லுபடியாகும்படி. அப்புறம்தான் யாரோ கவனித்திருக்கிறார்கள், சம்பந்தப்பட்ட நன்கொடைகள் 2010-க்கு முந்தியவை, அவற்றுக்குப் பழைய 1976 சட்டமல்லவா பொருந்தும் என்று. சரி போ என்று 2018 நிதிச் சட்டத்தில் அதை 1976 ஆகஸ்டு 5-க்குப் பின்தேதியிட்டார்கள். 42 வருடம் பின்னோக்கி! அந்த வருட நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எனக்குக் காலேஜில் அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஒரு வாரம் பின்தேதியிட்டு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க முடியவில்லை. இவர்கள் என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்துக்கே போய்த் திருத்திவிட்டு வருகிறார்கள்.

தேர்தல் பத்திரங்கள் கதை இன்னும் ஆறவில்லை, அதனால் சுருக்கமாக. 2017 நிதிச் சட்டம் பாதை போட்டது. ரிசர்வ் வங்கி எதிர்த்தது, தேர்தல் ஆணையமும் எதிர்த்தது. பண மசோதா என்று முத்திரை குத்தியதால் மாநிலங்களவையால் தடுக்க முடியவில்லை. 2018 மார்ச்சிலிருந்து ஸ்டேட் வங்கியில் விற்பனை. 2024 பிப்ரவரி 15-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று சொல்லி ரத்து செய்தார்கள். ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய் பத்திரம் விற்றுத் தீர்ந்த பிறகு. இடையில் 2019 மக்களவைத் தேர்தல் ஒன்று முழுதாக நடந்து முடிந்திருந்தது, சட்டமன்றத் தேர்தல்கள் தனி. தீர்ப்பு வந்ததும் வாங்கிய பணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெயித்தவர்கள் யாரும் எழுந்து போகவும் இல்லை.

இந்த இடத்தில்தான் என் வாதம் ஆரம்பிக்கிறது. தீர்ப்பு வந்த அன்று ஆளாளுக்குப் பட்டாசு வெடித்தார்கள், நானும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1974-இல் நீதிமன்றம் அடைத்த ஓட்டையை அரசு பதினாறு நாளில் திறந்தது. 2014-இல் நீதிமன்றம் சொன்னதை நிதி மசோதாவின் நடுப்பக்கத்தில் நாலு வரி சேர்த்து ஒன்றுமில்லாமல் செய்தார்கள். 2024 தீர்ப்புக்கும் அதே கதி வராது என்று எதை வைத்து நம்புகிறோம்? சாதாரணச் சட்டம் என்பது ஆட்சியில் இருப்பவர் கையில் இருக்கும் களிமண். வரம்பு எவ்வளவு என்பதைக்கூட மத்திய அரசுதான் ஒரு அறிவிக்கையில் மாற்றுகிறது. பந்தயத்தில் ஓடுகிறவரே கோடு கிழிக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், இது அரசியல் சாசனத்துக்குள் போக வேண்டும். 324-ஆவது பிரிவுக்குப் பக்கத்தில் 324-ஏ என்று ஒன்று வேண்டும். கட்சி செய்யும் தேர்தல் செலவுக்கும் வரம்பு, அந்த வரம்பைத் தேர்தல் ஆணையமே நிர்ணயிக்கும். ஓட்டுரிமை உள்ள குடிமகன் மட்டுமே நன்கொடை தரலாம், நிறுவனம் தரக்கூடாது. நிறுவனத்துக்கு வாக்காளர் அட்டை கிடையாதே! வாங்கிய பணம் வாக்குப்பதிவுக்கு முன்னாலேயே பொதுவில் தெரிய வேண்டும், பின்னால் அல்ல. மீறினால் சின்னம் போகும். இப்போது கணக்கு சரியாகத் தரவில்லை என்பதற்காக ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, 2002-இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது.

"சாசனத்தையும்தான் திருத்துவார்கள், 39-ஆவது திருத்தத்தை நீயே மேலே சொன்னாயே?" சொன்னேன். ஆனால் எப்படித் திருத்த வேண்டும் என்று பாருங்கள். அவசரச் சட்டத்தால் சாசனத்தைத் திருத்த முடியாது. பண மசோதாவாலும் முடியாது. இதுவரை கல்லாவைத் திறக்கப் பயன்பட்ட முக்கியமான இரண்டு சாவிகளும் அந்தப் பூட்டுக்குச் சேராது. இரண்டு சபையிலும் தனித்தனியாக, வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். 1984-க்குப் பிறகு மக்களவையில் எந்த ஒரு கட்சிக்கும் தனியாக மூன்றில் இரண்டு கிடைத்ததில்லை. எதிர்க்கட்சியும் சேர்ந்துதான் ஓட்டையைப் போட வேண்டும், அதுவும் பட்டப்பகலில். சேர்ந்து போட மாட்டார்களா என்றால் போடலாம், ஸ்டெர்லைட் கதை அதைத்தான் சொல்கிறது. ஆனால் சுதந்திரமான, நியாயமான தேர்தல் என்பது சாசனத்தின் அடிப்படைக் கட்டுமானம் என்று 1975-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதன் மேல் மோதித்தான் போட வேண்டும்.

அடுத்து, "சாசனத்தில் போய் சதவீதம், ரூபாய் என்றெல்லாம் எழுதுவதா" என்று சட்டம் படிக்கும் ஒரு நண்பன் மூக்கைச் சுளித்தான். ஏன், எழுதவில்லையா? 2003-இல் 91-ஆவது திருத்தம், அமைச்சர்கள் எண்ணிக்கை சபையின் மொத்த பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அமைச்சர் நாற்காலியை எண்ணலாம், அமைச்சரை உருவாக்கிய பணத்தை எண்ணக் கூடாதா? 1950-இல் வந்த சாசனத்தில் 'அரசியல் கட்சி' என்ற ஒன்றே பேசப்படவில்லை. 1985-இல் கட்சித் தாவல் தடைக்காகப் பத்தாவது அட்டவணை வந்தபோதுதான் கட்சி உள்ளே நுழைந்தது. அதாவது, உறுப்பினரைக் கட்சிக்குள் கட்டிப்போட சாசனம் கட்சியை அழைத்தது. கட்சியைக் கட்டிப்போட இன்னும் அழைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. நாளைக்கே ஒரு நல்ல நாடாளுமன்றம் வந்து கட்சிச் செலவுக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டால், ஏதாவது ஒரு கட்சி 19(1)(அ)-வைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகும். பிரசாரம் என்பது பேச்சு, பேச்சுக்கு வரம்பு வைக்க 19(2)-இல் இறையாண்மை, பொது ஒழுங்கு, அவதூறு என்று சில காரணங்கள்தான் இருக்கின்றன, 'தேர்தலில் சமத்துவம்' அதில் இல்லை என்று வாதாடும். ஜெயிக்குமா தெரியாது. ஆனால் அமெரிக்காவில் அப்படி ஜெயித்தார்கள்.

அங்கேயும் அதே 1974-இல்தான் நடந்தது, தலைகீழாக. வாட்டர்கேட் அவமானத்துக்குப் பிறகு அமெரிக்க காங்கிரஸ் தேர்தல் செலவுக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டது. 1976 ஜனவரியில் பக்லி எதிர் வலேயோ வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக் கூடாது, அது பேச்சுச் சுதந்திரம் என்றது. இங்கே நீதிமன்றம் வரம்பைக் காப்பாற்ற, நாடாளுமன்றம் உடைத்தது. அங்கே சபை வைத்த வரம்பை நீதிமன்றம் உடைத்தது. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிறுவனங்களும் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று திறந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அவர்களுக்கு சாசனத் திருத்தத்தைத் தவிர வேறு வழியில்லை. 2014 செப்டம்பரில் செனட்டில் ஒரு திருத்த முயற்சி, ஆதரவு 54, எதிர்ப்பு 42. விவாதத்தை முடித்து வைக்கவே 60 வேண்டும், அங்கேயே நின்றுவிட்டது. தாண்டியிருந்தாலும் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு, பிறகு 50-இல் 38 மாநிலங்கள். நமக்கு அந்த மலை இல்லை. 324 இருக்கும் பதினைந்தாம் பகுதியைத் திருத்த மாநிலங்களின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. அமெரிக்கா மாதிரி சிக்கிக்கொண்ட பிறகு தேடுவதைவிட, சிக்குவதற்கு முன்னால் செய்யலாமே?

நிறுவன நன்கொடையைத் தடை செய்தால் கறுப்புப் பணம்தான் வளரும், 1969-க்குப் பிறகு அதுதான் நடந்தது என்பது கனமான ஆட்சேபம், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கொடுக்கும் கையை மட்டும்தான் கட்டினார்கள். ஐந்து வருடம் கழித்துச் செலவழிக்கும் கையை முழுதாக அவிழ்த்துவிட்டார்கள். செலவுக்கு எல்லை இல்லாதபோது வரவுக்குப் போட்ட எல்லை பொய்யாகத்தானே போகும்?

இப்போது அந்த "ஜனத்தைத் திருத்து" கோஷ்டிக்கு. 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே.நகரும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியும் பணப் பட்டுவாடாவால் தேர்தல் நிறுத்தப்பட்ட ஊர்கள். நமக்கு அவமானம்தான். ஆனால் 500 ரூபாய் வாங்கிய ஆயாவைப் பற்றி ஆயிரம் ஜோக் அடிக்கிறோம், அந்த 500 எந்தக் கோடியிலிருந்து பிரிந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. கவர் கொடுத்தவர் அதைச் செலவாக எழுதவில்லை, முதலீடாக எழுதிவைத்திருக்கிறார். ஐந்து வருடம் மணலிலும் காண்டிராக்டிலும் அது வட்டியோடு வசூலாகும். ஆயா வாங்கியது கடன், கட்டப்போவது நாம்.

கடைசியாக ஒன்று. 2024 டிசம்பரில் 129-ஆவது திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது, எல்லாத் தேர்தலையும் ஒரே நேரத்தில் நடத்த. சொன்ன காரணங்களில் ஒன்று, தேர்தல் செலவு அதிகமாகிவிட்டது! செலவைக் குறைக்க மாநில சட்டமன்றங்களின் ஆயுளையே வெட்டி ஒட்டச் சாசனத்தைத் திருத்தலாமாம். கட்சி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று அதே சாசனத்தில் ஒரு வரி சேர்க்க மட்டும் யாருக்கும் பேனா எழவில்லை.

பி.கு: "நீ இன்ன கட்சிக்காரன்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு. பத்திரங்களை அதிகம் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூர் முகவரி கொண்ட லாட்டரி கம்பெனி ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இலிருந்தே தடை. அதிமுக வாங்கியது 6 கோடி சொச்சம், பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸிடமிருந்து. நாடு முழுவதும் அதிகம் வாங்கியது பாஜக, கிட்டத்தட்ட பாதி. பத்திரமே வேண்டாம் என்று சொல்லி வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி. இதில் என் கட்சி எது என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். சட்டக் கல்லூரி நண்பர்கள் 324-ஏ-வில் ஓட்டை இருந்தால் திட்டாமல் சொல்லவும்.